கூடையும் கூலியும்



அறுப்பின் ஸ்தோத்திரத்தைக் குறித்து இந்த மாதம் எழுத வேண்டும் என்று ஆவியானவர் பாரம் தந்தார். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை கூசுகிறது. காரணத்தை மறைக்காமல் பிறகு சொல்கிறேன்.

நாம் நம்மைப் பெந்தெகொஸ்தேக்காரர் என்று சொல்லிக்கொள்கிறோம். அதென்ன பெந்தெகொஸ்தே என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், ஆவியானவர் இறங்கின நாள் என்று பட்டென்று சொல்லும். சரிதான். ஆனால் மேலறையில் அக்கினி இறங்குவதற்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னமே அது வெள்ளாமைக்காரன் பண்டிகை. முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் அசைவாட்டின நாள் தொடங்கி ஏழு வாரம் எண்ண வேண்டும். ஐம்பதாம் நாள், புதுக் கோதுமை மாவைப் புளிக்க வைத்துச் சுட்ட இரண்டு அப்பங்களைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோக வேண்டும். பெந்தெகொஸ்தே என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஐம்பதாவது என்றுதான் அர்த்தம். லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தை எடுத்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

அங்கே 22ஆம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். பண்டிகையின் ஒழுங்கைச் சொல்லி முடித்த கையோடு, வயலோரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திக் கிடப்பதை வழித்துப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்கிறார். பலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று வரப்புக்குப் போய்விட்டார்? நான் பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்த நாட்களில், இந்த வசனம் இடம் மாறி வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். யூதர்கள் இந்தப் பண்டிகையில் ரூத்தின் புஸ்தகத்தை வாசிக்கிற வழக்கம் உண்டு. பரதேசியாக வந்த ஒரு விதவை, போவாஸின் வயலில் கதிர் பொறுக்கின கதை அது. அந்த வயலோரம் விடப்படாமல் இருந்திருந்தால் ரூத் என்ன சாப்பிட்டிருப்பாள்? தாவீதின் வம்சம் எங்கே வந்திருக்கும்?

நம்முடைய பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை. 1840ல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் விசுவாசக் குடும்பங்களைச் சேர்த்து உண்டாக்கின ஊர். 1810ல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு ஊழியம் செய்தவர். மிஷன் சம்பளத்தை நம்பாமல், கர்த்தரை நம்பி ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவர் வைராக்கியம். ஜனங்கள் நிலத்தில் பாடுபட்டுப் பிழைத்தார்கள். 1860ல் அங்கே எழுப்புதல் பற்றி எரிந்தது. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், தரிசனங்கள். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் 1906ல்தான். அதற்கு 46 வருஷம் முந்தி நம்ம மலையடிவாரத்தில் நடந்திருக்கிறது, அல்லேலூயா! அந்நிய பாஷையை நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். அந்த நாட்களில் ஜனங்கள் தங்கள் பாவத்தை அறிக்கையிட்டு வாய்விட்டு அழுதார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் நம் சத்தம் குறைந்துபோகிறது.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தாற்போல எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன கிணறு. அந்த வருஷம் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தோம். மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டினாலும் நம்ம பக்கம் சாரல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழைதான் நமக்கு ஜீவன். அந்த முறை மழை நேரத்துக்குப் பெய்தது, கிணறு நிறைந்தது. காட்டுப்பன்றிகூட எங்கள் வேலியை மிதிக்கவில்லை. கத்தரியில் புழு விழுந்தும் முக்கால்வாசி தப்பித்தது. கர்த்தர் செய்த நன்மை அது.

காய் பறிக்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் நம்ம சபை விசுவாசி, விதவைத் தாயார். இன்னொருவர் பக்கத்துத் தெரு அக்கா, சபைக்கு வராதவர். வெண்டைக்காய் பறித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுணை கையெல்லாம் அரிக்கும். கிழிந்த முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொழுது விடியுமுன் வந்து நிற்பார்கள். ஒரு நாள் விட்டால் காய் முற்றிப்போகும், அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள்.

கமிஷன் கடையில் சிட்டை மட்டும் தந்தார்கள், பணம் அடுத்த வாரம் என்றார்கள். நானும் அந்த இரண்டு பேரிடம், "அடுத்த வாரம் தாரேன்க்கா" என்று சொன்னேன். அந்த அடுத்த வாரமும் அதையே சொன்னேன். ஆளுக்கு ஒன்பது நாள் கூலி நின்றுபோனது.

இதற்கிடையில் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. சொத்தை இல்லாத காயாகப் பொறுக்கி, பெரிய கூடை நிறைய அடுக்கி, பீடத்தின் முன் வைத்தேன். காணிக்கைக் கவரும் வைத்தேன். கையில் பணமே இல்லாமல் இல்லை, பாருங்கள். மைக்கைப் பிடித்து சாட்சி சொன்னேன். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அந்தத் தாயாரும் கைதட்டினார்கள். அந்தக் கையில் சுணைத் தடிப்பு இருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் சாட்சியை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அந்தக் கூடையிலே இருந்தது யாரு காய்?"

எனக்குக் கோபம் வந்தது. ஊழியக்காரனைக் கேள்வி கேட்கிறாயா என்றுகூடச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உபாகமம் 26ஐ எடுத்தேன், முதற்பலன் கூடையைப் பற்றிப் பிரசங்கம் பண்ண எனக்குப் பிடித்த அதிகாரம். அதற்கு இரண்டு அதிகாரம் முந்தி, 24லேயே கண் நின்றுவிட்டது. கூலிக்காரன் உன் ஜனமானாலும் அந்நியனானாலும் சூரியன் இறங்குமுன் அவன் கூலியைத் தீர்த்துவிடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான், அவன் என்னை நோக்கி முறையிட்டால் அது உன்மேல் பாவமாகும் என்கிறார். எத்தனையோ தடவை வாசித்த இடம். கமிஷன் கடைக்காரர் என் பணத்தை நிறுத்தினது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. நான் நிறுத்தினது தெரியவில்லை.

காலையில் முதலாவது பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்குப் போனேன். பணத்தை எண்ணிக் கொடுத்து, "தப்பு பண்ணிட்டேன்க்கா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர்கள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "சாமி கும்பிடுற எடத்துல கேக்கக் கூடாதுன்னு இருந்தேன் பாஸ்டரய்யா" என்றார்கள். பிரியமானவர்களே, சபைக்கு வராத அந்த அக்கா என் பீடத்துக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை.

விதவைத் தாயார் வீட்டில் அதைவிடக் கஷ்டம். ஜெபம் பண்ணுங்க ஐயா என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவர்களைத்தான் ஜெபிக்கச் சொன்னேன். நல்ல மழைக்காகவும், காய்க்காகவும், என் பிள்ளைகளுக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கூலியைப் பற்றி அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தை இல்லை.

எழுந்து வெளியே வரும்போது வாசலில் நின்று சொன்னார்கள்: "நேத்து பண்டிகைன்னு பறிக்கலை ஐயா. வெண்டை முத்திரும். நாளைக்கு வெள்ளன வந்துருதோம்."