கிலாஃபத் பெயரால் ஒரு ஃபித்னா: ஐ.எஸ். எழுந்ததும் வீழ்ந்ததும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இணையத்தில் இதை வாசிக்கும் அன்புச் சகோதரர்களே!

இந்த வாரம் ஐ.எஸ். என்ற கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. "அது எங்கோ இராக்கில், சிரியாவில் நடந்தது. வடலூரில் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் பெயரால் இலங்கையில் படுகொலை நடத்தியவர்களின் தலைவன் நாம் பேசும் இதே தமிழில்தான் பயான் செய்தான். அவனுடைய வீடியோக்கள் நம் பிள்ளைகளின் கையில் இருப்பதைப் போன்ற செல்போன்களில்தான் சுற்றின.

எழுந்த கதை

2003இல் அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்தது. அரசு சிதைந்தது, ராணுவம் கலைக்கப்பட்டது, ஷியா - சுன்னி பகை மூட்டப்பட்டது. அந்த இடிபாட்டில் அபூ முஸ்அப் அல் ஸர்காவி ஒரு கூட்டத்தை வளர்த்தான். 2006இல் அவன் கொல்லப்பட்ட பிறகும் கூட்டம் அழியவில்லை. 2010இல் அபூபக்ர் அல் பக்தாதி அதன் தலைவனானான். 2011இல் சிரியாவில் தொடங்கிய உள்நாட்டுப் போர் அவர்களுக்கு இன்னொரு வாசலைத் திறந்தது.

2014 ஜூன் மாதம் இராக்கின் மோசுல் நகரம் அவர்கள் கையில் விழுந்தது. அந்த ரமளானின் முதல் நாளில் கிலாஃபத் என்று அறிவித்தார்கள். ஜூலை 4, வெள்ளிக்கிழமை, மோசுல் நூரி பள்ளிவாசலின் மிம்பரில் ஏறி பக்தாதி குத்பா ஓதினான். மிம்பர் உண்மையானது, ஜும்ஆ நாளும் உண்மையானது. அதனால்தான் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஏமாந்தார்கள்.

அந்த மிம்பரில் ஏறியவர்கள் செய்தது என்ன? அடுத்த மாதமே சிஞ்சார் பகுதியில் யஸீதி மக்களைக் கொன்றார்கள், அவர்களுடைய பெண்களை அடிமைகளாக விற்றார்கள். மோசுல் என்பது பழைய நீனவா, யூனுஸ் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட ஊர். அங்கே யூனுஸ் நபியின் பெயரால் இருந்த பள்ளிவாசலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தங்களுக்கு அடங்காத சுன்னி முஸ்லிம் கோத்திரத்தாரையும் நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தார்கள்.

2017 நவம்பர் 24, அதுவும் ஒரு ஜும்ஆ நாள். எகிப்தின் சினாய் பகுதியில் ரவ்ழா பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூடியிருந்த 300க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் ஐ.எஸ். கொடியை ஏந்தியிருந்ததாக எகிப்து அதிகாரிகள் சொன்னார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், இப்போது நாம் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

வேர் எங்கே இருக்கிறது?

அன்பிற்குரியவர்களே! இது புதிய நோய் அல்ல. அலீ (ரலி) அவர்களுடைய காலத்தில் தோன்றிய கவாரிஜ்களின் வரலாற்றைப் பாருங்கள். தொழுகையில், நோன்பில், குர்ஆன் ஓதுவதில் அவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவன் மரத்தடியில் விழுந்து கிடந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். விலை கொடுக்காததை எப்படித் தின்னலாம் என்று மற்றவர்கள் கண்டிக்க, துப்பிவிட்டான். அதே கூட்டம்தான் அதே பயணத்தில் ஸஹாபியின் மகனான அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும், கர்ப்பிணியாக இருந்த அவருடைய வீட்டுப் பெண்ணையும் கொன்றது. பேரீச்சம்பழத்தில் பேணுதல் இருந்தது, முஸ்லிமின் இரத்தத்தில் இல்லை! கடைசியில் ஸுப்ஹு நேரத்தில் அலீ (ரலி) அவர்களை வெட்டியதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இப்னு முல்ஜம்தான்.

இது எங்கிருந்து தொடங்குகிறது? வாளிலிருந்தோ துப்பாக்கியிலிருந்தோ தொடங்குவதில்லை. "அவன் முஸ்லிமே இல்லை" என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. முதலில் பக்கத்துத் தெரு முஸ்லிம் காஃபிர் ஆகிறான். பிறகு ஆலிம்கள் வழிகேடர்கள் ஆகிறார்கள். பிறகு பெற்ற தாய் தந்தை. அதற்குப் பிறகு யாருடைய உயிருக்கும் மதிப்பில்லை.

போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை உஸாமா (ரலி) அவர்கள் வெட்டிவிட்டார்கள். உயிருக்குப் பயந்துதான் சொன்னார் என்று காரணம் கூறினார்கள். அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நெருங்கிய தோழருக்கே அந்தக் கேள்வி என்றால், யூடியூபில் தீர்ப்புச் சொல்பவனுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

நம் மொழியில் வந்த விஷம்

காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான், அரபுக் கல்லூரியில் ஓதும்போதே பாதியில் வெளியேற்றப்பட்டவன். ஊரில் இருந்த ஸூஃபி முஸ்லிம்களோடுதான் அவனுடைய சண்டை தொடங்கியது. 2017இல் அது கைகலப்பாக முற்றியது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் மூன்று தேவாலயங்களிலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழிபடப் போனவர்கள், சாப்பிட உட்கார்ந்தவர்கள், ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள்.

ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதுவில் ஒளிந்திருந்த அவனுடைய குடும்பத்தார் தங்களைத் தாங்களே வெடிக்க வைத்தார்கள். அவர்களுடைய சொந்தக் குழந்தைகளும் அதில் இறந்தார்கள். அடுத்த மாதம் அந்த நாட்டின் அப்பாவி முஸ்லிம்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்கக்கூடாது என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. பக்தாதியோ, தன் கடைசி ஊர் பறிபோனதற்குப் பழிவாங்கல் என்று அந்தக் கொலைகளை வீடியோவில் புகழ்ந்தான். சிரியாவில் இடம் போனதற்கு மட்டக்களப்பில் பிள்ளைகளைக் கொல்வதா? இதற்குப் பெயர் ஜிஹாதா?

வீழ்ந்த கதை

2017 ஜூன் மாதம், ரமளானிலேயே, 800 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அந்த நூரி பள்ளிவாசல் வெடித்துச் சிதறியது. பக்தாதி ஏறி நின்ற மிம்பர் இருந்த பள்ளியை அவனுடைய ஆட்களே தகர்த்தார்கள் என்று இராக் அரசு அறிவித்தது. ஜூலையில் மோசுலும், அக்டோபரில் ரக்காவும் மீட்கப்பட்டன. 2019 மார்ச்சில் பாகூஸ் என்ற கடைசி ஊரும் போனது. அக்டோபரில் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட பக்தாதி தன்னையும் தன்னோடிருந்த குழந்தைகளையும் வெடிக்க வைத்து இறந்தான். பிற்காலத்தில் நூரி பள்ளியும், மோசுலின் பழைய தேவாலயங்களும் யுனெஸ்கோ உதவியோடு மீண்டும் எழுந்தன.

ஆனால் நிலம் போனதே தவிர, அந்தச் சொல் போகவில்லை. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலை, கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்து அதை ஓட்டிவந்த இளைஞர் இறந்தார். அவர் ஐ.எஸ். கொள்கையில் விழுந்தவர் என்று தேசியப் புலனாய்வு முகமை கூறியது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பேசுங்கள். கவாரிஜ்களிடம் அலீ (ரலி) அவர்கள் முதலில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் தனியாகப் போய் உட்கார்ந்து, கேள்விகளைக் கேட்டு, குர்ஆனிலிருந்தே பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள். பாலஸ்தீனத்தைப் பார்த்து உங்கள் மகன் கோபப்படுகிறானா? அந்தக் கோபம் நியாயமானது. அவனை அதட்டி வாயை மூட வைத்தால், கதவை மூடிக்கொண்டு வேறொருவனிடம் கேட்பான். அவன் கேட்கும் எந்தக் கேள்விக்காகவும் அவனை இங்கே அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, யாரிடம் மார்க்கம் கற்கிறான் என்று பாருங்கள். நம் மாவட்டத்திலேயே லால்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக அரபு மதரஸா நடக்கிறது. ஆசிரியர் யார், அவருடைய ஆசிரியர் யார் என்று அங்கே கேட்டால் பதில் கிடைக்கும். முகம் காட்டாத டெலிகிராம் குழுவில் கிடைக்குமா?

மூன்றாவது, "அவன் முஸ்லிம் இல்லை" என்ற சொல் நம் வீட்டில், நம் பள்ளியில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தர்காவுக்குப் போகிறவர், போகாதவர், தொப்பி போடுகிறவர், போடாதவர் என்று நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்காக ஈமானைப் பறிக்கும் அதிகாரம் நம்மில் யாருக்கும் இல்லை.

கோவைச் சம்பவத்துக்குப் பிறகு அங்குள்ள ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கு நேரில் சென்று, அங்கிருந்தவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். அண்டை வீட்டாரின் அச்சத்தைப் போக்குவதும் ஈமானின் கடமைதான். சத்திய ஞான சபை இருக்கும் இந்த ஊரில், யாருக்கும் நம்மால் அச்சமில்லை என்ற நிலையை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோம்.

யா அல்லாஹ்! வரம்பு மீறுவோரின் தீங்கிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! எங்கள் ஊரையும் எங்கள் நாட்டையும் அமைதியான இடமாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.