அச்சமும் அழுகையும்

பேய் உலவும் இடமெனப் பெயர்பெற்ற பாழிடங்களைக் காணவென்றே மக்கள் பொருள் செலவிட்டுப் பயணம் செய்வது இக்காலத்துப் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகிவிட்டது. கடற்கரையோரப் பாழிடங்கள் இவ்வகையில் பெரிதும் விரும்பப்படுகின்றன. அலையோசையும் ஆளற்ற மணலும் கூரையிழந்த சுவரும் ஒருங்கு சேர்ந்தால் அச்சத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டியதில்லை. பேய் உண்டா, இல்லையா என்ற வினாவை இக்கட்டுரை ஆராயப் புகவில்லை. பிறர் மாண்ட இடத்தில், அல்லது பிறர் இழந்த இடத்தில், நாம் அச்சத்தை இன்பமாக நுகர்வது அறமாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

அச்சத்தை விரும்புதல் தன்னளவில் குற்றமன்று. காட்டில் புலியைக் கண்டு ஓடுபவனே கூட்டில் அதனைக் கண்டு நெருங்கிச் செல்கிறான். தீங்கு வாராது என்ற உறுதி இருக்குமாயின் அச்சமும் சுவையாகிறது. ஆயினும் அச்சம் தனித்து நிற்பதன்று என்பதைப் பழையோர் அறிந்திருந்தனர். அவல நாடகம் அச்சத்தோடு இரக்கத்தையும் எழுப்புவது என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் அணங்கையும், அழுகை பிறக்கும் நிலைக்களன்களுள் இழவையும் வைத்தார். இவ்விரு வைப்பும் நமது வினாவுக்கு விளக்காகின்றன. ஒருவருடைய இழவை நாம் அணங்காக மாற்றிக்கொள்ளும்போது, அழுகைக்குரிய இடத்தில் அச்சத்தை அமர்த்துகிறோம். இழந்தவர் மறைகிறார், பேய் தோன்றுகிறது.

புத்தளக் கரையிலிருந்தே இதனை ஆராயலாம். வில்பத்துத் தேசிய வனத்தினுள் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலை முனையில் அல்லியரசாணி கோட்டைகட்டி ஆண்டாள் என்பது மக்கள் வழக்கு. உரோம எழுத்தாளர் பிளினி, காற்றில் அகப்பட்டு இலங்கைக்கு வந்த ஒருவர் கரையேறியதாகக் கூறும் துறைமுகத்தின் பெயர் குதிரை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. ஆதலின் அது குதிரைமலையே என ஆய்வாளர் சிலர் கருதுவர். இத்தகைய இடத்தில் அல்லியின் ஆவி உலவுகிறது என ஒருவர் கதை கட்டினால் யாருக்கும் ஊறில்லை. அல்லியின் பொருட்டு இன்று கண்ணீர் விடுவதற்கு ஒருவரும் இலர்.

கடலுக்கு அப்பால் தனுஷ்கோடியின் நிலை வேறு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் கடலால் அடித்துச் செல்லப்பட, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வாழத் தகுதியற்ற இடமென அரசு பின்னர் அதனை அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனைவரை வீதி திறக்கப்பட்டபின் அங்கு செல்வோர் தொகை பெருகிற்று. உடைந்த தேவாலயத்தையும் புகையிரத நிலையத்தின் சுவர்களையும் காட்டிப் 'பேய் நகரம்' என்கின்றனர். ஆனால் அம்மணலில் இன்றும் மீனவர் குடிசையிட்டு வாழ்கின்றனர். சங்கும் சிப்பியும் விற்கின்றனர். வாழ்வோர் இருக்கும் ஊரைப் பேயூர் என்பது எத்துணைப் பொருந்தாக் கூற்று!

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பேய்க்கதை இல்லையேல் அவ்விடங்களை யாரும் நினையார், கதையன்றோ நினைவைக் காக்கிறது, வருவோரால் அங்குள்ள ஏழைகளுக்கு வருவாயும் உண்டு என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கதை இடத்தைக் காக்கிறதேயன்றி மனிதரைக் காப்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் பெரலியவில் கடற்கோளால் கவிழ்ந்த புகையிரதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கு நினைவுச்சின்னம் எழுந்துள்ளது. ஆண்டுதோறும் மக்கள் கூடி நினைவுகூருகின்றனர். அங்கும் அயலார் செல்கின்றனர். செல்வது ஒன்றே; செல்லும் மனநிலை வேறு.

இவ்வேறுபாடு வெறும் மரியாதையைப் பற்றியதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது பல்லாயிரவர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து ஓலைக் கொட்டில்களில் தங்கினர். வில்பத்துக்கு வடக்கே முசலிப் பகுதியில் அவர்கள் விட்டுவந்த ஊர்களைக் காடு மூடிற்று. வழிப்போக்கன் ஒருவன் அவ்வெற்று வீடுகளைக் கண்டிருந்தால் அவை பேய்வீடுகளாகவே அவனுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவற்றின் கதவு எத்திசையில் இருந்தது, கிணறு எவ்விடத்தில் இருந்தது என்று சொல்லக்கூடியோர் சில மணிநேரப் பயணத் தொலைவில் உயிரோடு இருந்தனர். போர் முடிந்தபின் அவர்கள் மீளக் குடியேற முயன்றபோது, அது காடழிப்பு என்ற எதிர்ப்பும் நாட்டில் எழுந்தது. அவ்வழக்கின் இருபக்க நியாயங்களையும் ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் ஒன்று தெளிவு. ஓரிடத்தை ஆளற்றதெனக் காணப் பழகிய கண்ணுக்கு, உரியவன் திரும்பி வரும்போது அவனே அந்நியனாகத் தோன்றுவான்.

ஆகவே பாழிடம் காணச் செல்வோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இவ்விடத்தை இழந்தவர், அல்லது இங்கு மாண்டவரின் பிள்ளை, நம் அருகே நின்றால் இக்கதையைச் சொல்ல நமக்கு நா எழுமா? எழுமாயின் தயங்காது சொல்லலாம். எழாதாயின் நாம் நுகர்வது பிறருடைய துயரையே.

குதிரைமலைக்குத் தெற்கே பொம்பரிப்பில் பண்டை மக்களின் ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை என்பர். இறந்தோரின் எலும்புகளைத் தாழியிலிட்டுக் கலங்களையும் உடன்வைத்துப் புதைத்தனர் அம்மக்கள். அவர்கள் பெயரை நாம் அறியோம். தம் இறந்தோரை அவர்கள் எவ்வாறு பேணினர் என்பதை அறிவோம். அக்கரையில் வாழும் நமக்கு அவ்வறிவே போதிய அறிவுரையாகும்.