ஆராய்ச்சி மணி

கன்றை இழந்த பசுவொன்று சோழனின் அரண்மனை வாயிலிற் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பறைகளிற் சொல்லிக் கொடுக்கிறோம். பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் நீதியை வியந்து பாடத்தை முடித்துவிடுகிறோம். ஆனால், அம்மன்னனுக்கு வாய்த்திருந்த ஒரு வசதியை நாம் கவனிப்பதில்லை. கன்றைக் கொன்ற தேர் எதுவென்பது தெரிந்திருந்தது. அதனைச் செலுத்தியவன் யாரென்பதும் தெரிந்திருந்தது. நம் காலத்து மரணங்கள் அத்துணை எளியனவல்ல.

2021 மே 20 இல், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்னும் கப்பலில் தீ மூண்டது. 1,486 கொள்கலன்களைச் சுமந்துவந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. அமிலம் கசிகின்றது என்பதைக் கொழும்பை அடையுமுன்னரே கப்பலோர் அறிந்திருந்தனர். ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுணிகள் கடலிற் கலந்தன. அடுத்துவந்த வாரங்களில் ஆமைகளும் டொல்பின்களும் திமிங்கிலங்களும் இறந்து கரையொதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட, கடற்றொழிலாளர் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டு வெறுங்கையுடன் நின்றனர்.

இவற்றைக் கொன்றது யார்? நம்மைப் போன்றோரின் நாவில் விடை ஆயத்தமாக இருந்தது: இலாப வேட்டை. அவ்விடை பிழை என்று நான் கூறவில்லை. ஆயினும் ஒரு வினா என்னை உறுத்துகின்றது. நியாயத்தின் பக்கம் நிற்பவனுக்கு ஆதாரம் தேடும் கடமை உண்டா? அன்றி, அவன் நிற்கும் பக்கமே அவனுக்கு ஆதாரமாகிவிடுமா?

ஐரோப்பாவின் வடகடற் பகுதியில் நிகழ்ந்த ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 1988 ஏப்ரலில் டென்மார்க்குக்கு உரிய ஆன்ஹோல்ட் தீவின் கரையிற் கடல்நாய்கள் குறைமாதக் குட்டிகளை ஈன்றன. பின்னர் வளர்ந்த விலங்குகளும் மூச்சுத் திணறி மடியலாயின. அவ்வாண்டுக்குள் வட ஐரோப்பியக் கரைகளில் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் இறந்தன. கைத்தொழில் நாடுகளின் கழிவுத் தொட்டியாகிவிட்ட கடல் அது. எனவே, கழிவே கொன்றது என்று பலரும் கருதினர். ஆனால், சடலங்களை அறுத்துப் பரிசோதித்தோர் கண்டது ஒரு வைரசை. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் வைரசுக்கு உறவான, அதுகாறும் அறியப்படாத ஒன்று அது.

'இயற்கையாக வந்த நோய். எவர்மீதும் குற்றமில்லை' என்று கோப்பை மூடிவிட அது போதுமானதாக இருந்தது. ஆராய்ச்சியாளர் மூடிவிடவில்லை. ஒல்லாந்தில் அவர்கள் ஒப்பளவில் தூய கரையிலிருந்து கொணர்ந்த இளங் கடல்நாய்களை இரு கூட்டமாகப் பிரித்தனர். ஒன்றுக்கு அத்திலாந்திக் கடலின் ஹெரிங் மீனும், மற்றையதற்கு மாசு மிகுந்த பால்ரிக் கடலின் ஹெரிங் மீனும் ஊட்டினர். மனிதர் உண்பதற்கென்று பிடிக்கப்பட்ட மீன்களே அவை. காலப்போக்கில் பால்ரிக் மீனை உண்டவற்றின் நோயெதிர்ப்பாற்றல் தெளிவாகக் குன்றியது. 1988 இன் ஒவ்வொரு மரணத்துக்கும் மாசே பொறுப்பு என்பது இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. நோய் புகும் வாயிலைக் கழிவு திறந்துவைக்க இயலும் என்பது நிறுவப்பட்டது. முதலில் வைரசைக் கண்டதனாலேயே அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்க முடிந்தது.

மனித மரணத்திலும் இதுவே நிலை. தோட்டத்து லயன் அறையில் ஒரு குழந்தை இறக்கின்றது. வைத்தியர் சான்றிதழில் 'நிமோனியா' என்று எழுதுகிறார். அவர் எழுதியது பொய்யன்று. ஒழுகும் கூரையும், அரை வயிற்றுக் கஞ்சியும் அத்தாளில் இடம்பெறுவதில்லை. சான்றிதழோடு நின்றுவிடுபவன் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறான்; அந்தப் பாதி உண்மை யாரோ ஒருவருக்கு வசதியாக அமைந்துவிடுகின்றது. ஆனால், நிமோனியாவை மறந்து 'வறுமை' என்று மட்டும் முழங்குபவன், அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு என்ன மருந்து என்பதைச் சொல்ல வல்லவனல்லன்.

நம் கரைக்கு மீள்வோம். கப்பல் எரியாத ஆண்டுகளிலும் ஆமைகள் வலையிற் சிக்கியும், படகுகளில் அடிபட்டும் இறக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அவற்றைக் கரைசேர்க்கின்றன. சாதாரண ஆண்டொன்றில் எத்தனை இறக்கின்றன, எதனால் இறக்கின்றன என்ற கணக்கை ஒரு சமுதாயம் வைத்திருக்காவிடின், பேரழிவு நேரும்போது அது கூறும் கணக்கை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் அசைத்துவிடலாம். அன்றாட மரணத்தைப் பொருட்படுத்தாத அலட்சியம், பெரிய குற்றவாளிக்குத் தப்பும் வழியாக மாறுகின்றது. அதனால் நட்டமடைவோர் கப்பல் முதலாளிகள் அல்லர். கரையில் வெறுங்கையுடன் நின்றவர்களே.

2025 யூலையில் நமது உயர் நீதிமன்றம், 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் இறந்தமையைக் குறிப்பிட்டு, கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இந்த எண்கள் எவருடைய ஆவேசத்திலும் பிறந்தவையல்ல. அழுகி நாறும் உடல்களை ஒவ்வொன்றாக எண்ணியும் குறித்தும் வைத்தோரின் உழைப்பிற் பிறந்தவை. கோபம் நம்மைக் கடற்கரைவரை அழைத்துச் செல்லும். அங்கே குனிந்து, நாள், இடம், நீளம், காயம் என்பவற்றைக் குறிப்பதற்குப் பொறுமை வேண்டும். இப்பொறுமையை நம் மாணவருக்குக் கற்பிப்பதும் அரசியற் கல்வியே.

சோழன் கதையில் பசு தானே வந்து மணியை அசைத்தது. ஆமையால் அது இயலாது. அதன் பொருட்டு மணியை அசைக்க வேண்டியவர் நாம். அசைத்தபின் வரும் விடை நாம் எதிர்பார்த்ததாக இல்லாதபோதும், அதனைக் கேட்டு நிற்க வேண்டியவரும் நாமே.