தரைக்கு அடியில் இருப்பது



இந்த இதழில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வினைல் தரை. மார்க்கப் பகுதியில் தரை போடுகிற கதை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நம்மவரில் பெரும்பாலோர் வியாபாரிகள். பள்ளியில் நிற்கும் நேரத்தைவிடக் கடையில் நிற்கும் நேரம் நமக்கு அதிகம். வாங்குவதிலும் விற்பதிலும், கூலிக்கு ஆள் அமர்த்துவதிலும், பேசிய கூலியைக் கொடுப்பதிலும் நமது ஈமானுக்குரிய சோதனை பெரும்பங்கு அடங்கியிருக்கிறது.

ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கடைத்தெரு வழியே செல்லும்போது ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதனுள் தமது முபாரக்கான கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இதென்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். நனைந்ததை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வந்துள்ள இந்தச் சம்பவத்தைக் கேளாதவர் நம்மில் இல்லை. எனினும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அந்த மனிதர் தாமாகத் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டியவராகச் சொல்லப்படவில்லை. மழை பெய்தது, தானியம் நனைந்தது. ஈரத்தை அடியில் விட்டுவிட்டு வாய் திறவாமல் இருந்ததே அவர் மீது வந்த குற்றம்.

வினைல் தரையும் அந்தக் குவியலைப் போன்றதேயாகும். மேலே தேக்கு மரம் போலவும் சலவைக்கல் போலவும் அழகான அச்சு. அதன் மேல் தேய்மானத்தைத் தாங்கும் ஒரு மெல்லிய படலம். பசை வைத்து ஒட்டும் பலகையின் மொத்தக் கனமே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ, அதையெல்லாம் அது சில வாரங்களில் தன் முகத்தில் காட்டிவிடும். ஒரு மணல் துணுக்கு இருந்தால் மேலே ஒரு பரு. பழைய தரை ஓடுகளுக்கு நடுவே பள்ளக் கோடு இருந்தால் மேலேயும் ஒரு கோடு. ஆனால் ஒட்டி முடிக்கிற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு எல்லாத் தரையும் அழகான தரைதான். காசை வாங்குவதும் அன்றைக்குத்தான்.

நமக்கு நேர்ந்ததையே சொல்லிவிடுகிறோம். நமது சங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளப் பின்னறை 600 சதுர அடி. அதன் முன்பாதி வழுவழுப்பான சிமெண்டுத் தரை. பின்பாதி பழைய தரை ஓடு. ஒரு மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டி இருந்தது. 2023-ஆம் ஆண்டு நோன்பு மார்ச் 23-ந் தேதி தொடங்க இருந்தது. அதற்கு முன் அறையைச் சீர்செய்து, தராவீஹ் தொழுகைக்குக் கூட்டம் மிகுந்தால் அங்கேயும் சஃப் நிறுத்தலாம் என்று தீர்மானித்தோம். தொட்டியை இடித்து, பள்ளத்தில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிமெண்டுக் கலவை கொட்டி நிரப்பியது மார்ச் 6-ந் தேதி. வினைல் ஒட்டியது 14-ந் தேதி.

குத்தகைக்காரர் சதுர அடிக்கு 6 வெள்ளி கேட்டார். வியாபாரிகள் கூடிய இடமல்லவா? ஆளுக்கு ஒரு வார்த்தை பேசி, 4 வெள்ளி 75 காசுக்கு இறக்கினோம். 750 வெள்ளி மிச்சம் என்று அன்றிரவு தேநீர் குடிக்கையில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். அந்த 750 வெள்ளி எங்கேயிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டேஷன் தாளில் “வினைல் போடுதல், கூலி உட்பட” என்று ஒரே வரி. பழைய ஓட்டின் மேல் சமன்படுத்தும் கலவை ஊற்றுவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வேலை நடந்த காலையில், பசை பூசிக்கொண்டிருந்த புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தலை நிமிர்ந்து, “பாய், இந்த மூலை இன்னும் ஈரமா இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல காய விடணும்” என்றார். “நோன்புக்கு ஒன்பது நாள்தான் இருக்கு தம்பி, பார்த்துப் போட்டுடுங்க” என்று பதில் சொல்லப்பட்டது. அவர் மறுபேச்சுப் பேசாமல் குனிந்துகொண்டார்.

நோன்பு இரண்டாவது வாரத்தில் பின்பாதி முழுவதும் பழைய ஓட்டின் கட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. ஓரம் தூக்கியிருந்த ஓரிரு ஓடுகள், மெல்லிய விரிப்பையும் மீறி, சுஜூதில் நெற்றிக்குத் தட்டுப்பட்டன. மூலையில் பலகைகளின் ஓரம் சுருண்டு, இடுக்கில் பசை கூழாகக் கசிந்தது. நிர்வாகக் குழு கூடியது. பாக்கியிருந்த 850 வெள்ளியைக் கொடுப்பதில்லை என்றும், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவதென்றும் உரத்த குரலில் பேசப்பட்டது. சிங்கப்பூரில் அதற்கு வழியுண்டு. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்பினால் 30,000 வரையில், இரண்டு ஆண்டுக்குள் அங்கே கொண்டு போகலாம். மலேசியாவிலுள்ள நம் சகோதரர்களுக்கு 50,000 ரிங்கிட் வரை பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஹக்கைக் கேட்டுப் பெறுவது தவறன்று. கேட்பவர் கை சுத்தமாக இருக்கவேண்டும்.

குழுவில் ஒரு பெரியவர். நாற்பது ஆண்டு துணிக்கடையில் நின்றவர். எல்லாரும் பேசி ஓய்ந்த பின், “மூலை ஈரம்னு அந்தப் பையன் யார்கிட்ட சொன்னான்?” என்று மட்டும் கேட்டார்.

சகோதரர்களே, சொன்னது நம்மிடம். இதை எழுதிக்கொண்டிருக்கும் நம்மிடம்தான். அந்தச் சபையில் அதை ஒப்புக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் மிக நீண்டதாக இருந்தது.

திருமறையின் 83-ஆவது சூராவாகிய முதஃப்பிஃபீனில் அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு சொல்லப்பட்டிருக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்குகிறவர், பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறவர் என்பது அங்கே அவர்களுக்குக் காட்டப்படும் அடையாளம். இதைக் கேட்கும்போதெல்லாம் நமது மனக்கண்ணில் தராசுக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரரே தோன்றுகிறார். வாங்குகிறவராக நாம் நிற்கும் நேரத்தில் இது நம்மைத் தொடாது என்று நினைக்கிறோம். வேலை முழுதாக வேண்டும், கூலி குறைவாக வேண்டும், நாளும் குறைவாக வேண்டும் என்று கேட்பவரின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?

ஆகவே, எதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு, எதைக் கேட்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சச்சரவுக்குப் பின் தொழில் தெரிந்தவர்களிடம் விசாரித்து நாம் அறிந்தவற்றை எழுதுகிறோம்.

முதற்காரியம் அடித்தரை. 2 மீட்டர் நீள மட்டக்கோலை அதன்மேல் வைத்தால், கீழே 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியாமல் இருப்பது நல்ல வேலைக்குரிய அளவு. பழைய ஓட்டின் மேல் ஒட்டுவதானால், ஆடுகிற ஓட்டைப் பெயர்த்து, கோடுகளை நிரப்பி, மேலே சமன்படுத்தும் கலவை ஊற்றியாக வேண்டும். இதைக் கொட்டேஷனில் தனி வரியாக, தனி விலையாக எழுதச் சொல்லுங்கள். தனி வரியாக இருந்தால், பேரம் பேசும்போது எதைக் குறைக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்தது ஈரம். புதிய சிமெண்டுக் கலவை மேலிருந்து கீழாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் காயும். நமது மூலைக்கு நாற்பது நாள் தேவை; நாம் கொடுத்தது எட்டு. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஈரமானி வைத்துத்தான் உள்ளே இருப்பதை அறிய முடியும். 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே ஒட்டுவது வழக்கம். மேலே வினைல் மூடிவிட்டால் ஈரம் போக வழியில்லை. அது பசையைத்தான் தின்னும்.

மற்றவை கண்ணால் காணக்கூடியவை. பெட்டிகளின் மேல் அச்சிட்ட தொகுதி எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பிரிக்குமுன் பாருங்கள். தொகுதி மாறினால் நிறமும் சிறிது மாறும். தேய்மானப் படலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். வீட்டுக்கு 0.3 போதும் என்பார்கள். ஓயாமல் ஜனங்கள் நடமாடும் கடைக்கு 0.55 வேண்டும். மாதிரிப் பலகையில் ஒன்றும் வந்திறங்கிய பெட்டியில் வேறொன்றும் இருக்கக் கூடாது. கோத்து மாட்டும் வகையானால் சுவரோரத்தில் சட்டத்துக்கு அடியே இடைவெளி விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் விரிந்து நடுவே தூக்கும். கனத்த அலமாரியைத் திருகாணி போட்டு அதன்மேல் முடுக்குவதும் ஆகாது. சுவரோரம் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வராதபடி, முதலிலேயே அறையை அளந்து கோடு போட்டுத் தொடங்குகிறவர் நல்ல வேலைக்காரர். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழைய கட்டிடங்களில் முற்காலத்து வினைல் ஓடுகள் இருந்தால் அவற்றில் கல்நார் கலந்திருக்கக்கூடும். பரிசோதிக்காமல் சுரண்டச் சொல்வது, சுரண்டுகிற தொழிலாளியின் நெஞ்சுக்கு நாம் செய்யும் அநீதி.

இனி, கேட்கக் கூடாதது. வேலை முடிந்த அன்று மாலை முழங்காலிட்டு, கைவிளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துக் குறை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தத் தரையும் தப்பாது. நின்ற நிலையில், பகல் வெளிச்சத்தில், நடந்து பார்த்துத் தெரியும் குறையே குறை. அச்சில் ஒரு கணுவும் அடுத்த பலகையில் அதே கணுவும் வருவது தொழிற்சாலையின் அச்சு, போட்டவரின் கைக்குற்றமல்ல. பாக்கியைப் பிடித்துக்கொள்வதற்காகவே குறை தேடுகிறவரையும், குறையை மூடிவிட்டுப் பணம் கேட்கிறவரையும் நாம் ஒரே தட்டில்தான் வைக்கிறோம்.

இமாம் அபூஹனீஃபா ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைக் காட்டி, இதை விற்கும்போது குறையைச் சொல்லிவிடு என்று தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்த விற்பனையில் வந்த பணத்தை இமாமவர்கள் ஸதக்காவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். நமது குழுவின் துணிக்கடைப் பெரியவருக்கு இந்த வரலாறு மிகவும் பிடித்தமானது. அன்றும் இதைச் சொல்லித்தான் குத்தகைக்காரரை அழைத்து வரச் செய்தார்.

அவர் வந்தார். கோபத்தோடு வந்தவர்தான். மூலைக்குப் பொறுப்பு நாங்கள் என்று நாமே முதலில் சொன்னதும், அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, “சமன்படுத்தாமப் போட்டது என் தப்புங்க. நீங்க கொறச்ச விலைக்கு அது கட்டாதுன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்” என்றார். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. பின்பாதி 300 சதுர அடியைப் பெயர்த்து மறுபடி போடும் கூலி அவருடையது. சமன்படுத்தும் கலவைக்குச் சதுர அடிக்கு 2 வெள்ளி வீதம் 600 வெள்ளி நம்முடையது. முதலில் நேர்மையாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க வேண்டிய பணந்தானே அது? புதுப் பலகையில் மூலைக்கு ஆவது நம் கணக்கு, மற்றது அவர் கணக்கு. பிடித்து வைத்திருந்த 850 வெள்ளியை அன்றிரவே எண்ணிக் கொடுத்தோம். அதில் அந்த இரண்டு தொழிலாளிகளின் கூலியும் அடங்கியிருந்தது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீதை அறிந்த கூட்டம் நாம். அவர்கள் வியர்வை உலர்ந்து மூன்று வாரமாகியிருந்தது.

ஜூன் மாதம் ஈரமானி வைத்துப் பார்த்து, எண் இறங்கிய பின் மறுவேலை நடந்தது. அதே புதுக்கோட்டைத் தம்பிதான் வந்தார். இம்முறை அவர் ஒவ்வொரு அடிக்கும் மட்டக்கோலை வைத்துக் காட்ட, நாம் அருகில் நின்று பார்த்தோம். கனத்த உருளையை இரண்டு முறை ஓட்டி, வேலையை முடித்தார். பழைய தொகுதிப் பலகை கடையில் தீர்ந்துபோயிருந்தது. ஆகையால் பின்பாதியின் நிறம் முன்பாதியைவிடச் சற்று வெளிறித் தெரியும். சங்கத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு மூலையையும் காட்டி, நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.