சைக்கிள் தருபவருக்கே தலையும் பொறுப்பு

தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் விலையில்லா மிதிவண்டிகளை வழங்குகிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம் இது. பிறகு எல்லாப் பிரிவினருக்கும் விரிந்தது. படிப்பை நிறுத்தியிருக்கக்கூடிய எத்தனையோ பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த நல்ல திட்டம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் விழா முடிந்து அந்த வண்டிகள் இறங்கும் சாலை எப்படிப்பட்டது? காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் போகும் சாலையில் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடுகின்றன. அதன் ஓரத்து மண்ணில்தான் சீருடைப் பிள்ளைகள் மிதித்துப் போகிறார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரும் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்கிறது. சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் போதும் என்கிறது. அதே குழந்தை வளர்ந்து, அரசு தந்த சைக்கிளில் தனியாக அதே சாலைக்கு வரும்போது அதன் தலையைப் பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்குச் சைக்கிள் ஒரு வாகனமே இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் அறம்தான் பேச வேண்டும். சைக்கிள் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவது கடமை. பிள்ளைகளைப் பொறுத்தவரை, அந்தக் கடமை வண்டியைத் தந்தவரிடமிருந்தே தொடங்குகிறது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. தலைக்கவசம் அதைக் காக்கும் என்பதற்குத்தான் சான்று வேண்டும். அது நிறையவே இருக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒலிவியர், கிரெய்ட்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, சைக்கிள் ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 விழுக்காடும், உயிர் போக்கும் தலைக்காயம் 65 விழுக்காடும் குறைவு என்று கண்டது. இதில் மந்திரம் ஏதுமில்லை. மெல்லிய ஓட்டுக்குள் தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள் இருக்கிறது. தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, மண்டை வாங்க வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் முன்னோர் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. 1935இல் இங்கிலாந்தில் முன்னால் சென்ற இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பிய முன்னாள் ராணுவ அதிகாரி டி.ஈ.லாரன்ஸ், தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் அந்தச் சாவை மறக்கவில்லை. அவருடைய ஆய்வின் பயனாக 1941இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

என் தலை, என் விருப்பம் என்பார்கள். நம் அறநூல்கள் அந்த வாதத்தை ஏற்பதில்லை. துன்பம் வருவதற்கு முன்பே காத்துக்கொள்ளாதவன் வாழ்க்கை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போர் போல அழியும் என்று எச்சரித்த வள்ளுவர், இதைத் தனிமனிதனின் விருப்பமாக அல்ல, குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தில் குற்றமாகவே வைத்தார். உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, பிறகு அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொன்னார். ஒருவன் தலை அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. பெற்றவர்களுக்கும் நாளை அவனை நம்பி நிற்கப்போகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2008 செப்டம்பரில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற சிறுவன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழகத்தின் உடல் உறுப்பு தானத்துக்கே அது திருப்புமுனை ஆயிற்று. 2023 முதல் அப்படித் தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதையும் தரப்படுகிறது. அந்தப் பெருங்கொடைக்கு முன் தலை வணங்கத்தான் வேண்டும். ஆனால் மூளைச்சாவுக்கு மாலை போடத் தெரிந்த சமூகம், மூளையைக் காக்கவும் அதே அக்கறை காட்ட வேண்டாமா?

காப்பது யார் கடன்? புறநானூற்றில் ஒரு தாய் கடமைகளைப் பங்கிட்டுத் தருகிறாள். பெற்று வளர்ப்பது தனக்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கு என்று சொன்ன பிறகே, களத்தில் போரிடும் கடனைக் காளைக்கு வைக்கிறாள். பிள்ளையின் கடமை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் நான்கு பேர் தங்கள் கடனைச் செய்திருக்க வேண்டும். சைக்கிளில் மணியும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்கும் அரசு, தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தன் கடனை முடித்ததாகும்.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று உண்டு. தறிகெட்டு ஓடுகிற லாரியை விட்டுவிட்டு, அடிபடுகிற பிள்ளையின் தலையில் கவசத்தை மாட்டுவது பழியை இடம் மாற்றுவதல்லவா? காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் கதை, தமிழர் மறக்காத சாலை விபத்து. கன்று தானாகவே துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது என்று அமைச்சர் எடுத்துச் சொல்லியும், தேரோட்டிய தன் மகன் மீதிருந்த பொறுப்பை அரசன் இறக்கி வைக்கவில்லை. பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு. அதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சைக்கிள் ஹெல்மெட் ஆள் உயரத்திலிருந்து கீழே விழும் அடிக்காக வடிவமைக்கப்பட்டது, லாரிச் சக்கரத்தை அது தடுக்காது என்பதும் உண்மையே. ஆனால் லாரி உரசாமலே, அது கிளப்பிய புழுதியில் கண் மூடி, தார்ச்சாலையின் விளிம்புப் பள்ளத்தில் சக்கரம் இறங்கிக் கவிழும் பிள்ளைக்கு வேண்டியது அந்தக் கவசம்தான். லாரிக்காரர் திருந்தும் வரை மண்டை காத்திருக்காது. ஓட்டுநரைத் திருத்துவதும் பிள்ளையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியான அறங்கள் அல்ல.

சுதந்திரத்தின் பக்கமும் சிறிது நியாயம் இருக்கிறது. 1990இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, பதின்வயதினர் பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். நெதர்லாந்தில் பெரும்பாலோர் அணிவதில்லை. அவர்களுக்குத் தனிச் சைக்கிள் பாதை இருக்கிறது. இங்கே அந்தப் பாதை இல்லை என்பதே அந்த வாதத்துக்குப் பதில். என்றாலும், வயலுக்குப் போகும் முதியவரையும் பட்டு நூல் கொண்டுபோகும் நெசவாளரையும் நிறுத்தி அபராதம் போடுவது அறமாகாது. அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம், அதட்டக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் விஷயம் வேறு. சீருடையில் விருப்பம் கேட்காத நாம் தலைக்கவசத்தில் மட்டும் விருப்பம் கேட்பது பொருந்தாது. குடிகளைக் காக்கக் கண்டிப்புக் காட்டுவது ஆள்பவனுக்குப் பழியல்ல, அவன் தொழிலே என்றார் வள்ளுவர். குடவோலைக்குப் பெயர் எழுதவும் வயதும் தகுதியும் விதித்துக் கோயில் கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். பொதுநன்மைக்கான விதி இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

விதி மட்டும் போதாது என்பதை 2015 காட்டியது. உயர் நீதிமன்ற ஆணைப்படி அந்த ஆண்டு ஜூலை 1 முதல் இருசக்கர வாகனத்தில் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. கடைகளில் கூட்டம் அலைமோதியது. கொஞ்ச நாளில் ஹெல்மெட் பலரின் முழங்கைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் இறங்கிவிட்டது. போலீஸ் தெரியும் இடத்தில் தலைக்கு ஏறியது, அதுவும் வார் மாட்டாமல். 2022இல் ஹெல்மெட் அணியாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் விபத்து அறிக்கை. போலீசுக்குப் பயந்து அணிபவன் போலீஸ் இல்லாத இடத்தில் கழற்றுவான்; பிள்ளையிலேயே பழகியவன் கழற்ற மாட்டான். ஆகவே மிதிவண்டியோடு கவசமும் தரப்பட வேண்டும். அது புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், வார் தாடைக்குக் கீழே இறுக மாட்டப்பட வேண்டும் என்று விழா மேடையிலேயே காட்டித் தர வேண்டும். வியர்க்கும், தலைமுடி கலையும் என்ற சாக்குகளுக்கு ஆசிரியரும் பெற்றோரும் இடம் தரக் கூடாது. தான் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகும் தந்தை மகனுக்கு உபதேசம் செய்ய முடியாது. முதலில் அவர் அணியட்டும்.