உண்மைக்குக் கடுமை தேவையா?

ஒருவர் தமது ஓய்வு நேரத்தில், பல இரவுகள் கண்விழித்து, ஒரு மென்பொருளில் உள்ள குறையைக் களைய முயல்கிறார். தாம் எழுதிய திருத்தத்தை, அந்த மென்பொருளைப் பராமரித்து வருபவருக்கு அனுப்புகிறார். அதற்காக அவர் ஊதியம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் எழுதியதில் பிழை இருக்கிறது. அதைப் பரிசீலிப்பவர் என்ன சொல்ல வேண்டும்? எப்படிச் சொல்ல வேண்டும்?

எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, திறமூல மென்பொருள் உலகில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பது அந்த உலகின் அடிப்படை. பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நேரில் சந்திக்காமலேயே அங்கு கூடி உழைக்கிறார்கள். முகம் தெரிவதில்லை, குரல் கேட்பதில்லை. அவர்களை இணைப்பது எழுதப்பட்ட சொல் ஒன்றே. எனவே வாக்கின் அறம் அங்கு உயிர்நாடி ஆகிவிடுகிறது.

உண்மையை மறைப்பது கருணை அல்ல

முதலில், ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும் என்பவர்களின் நியாயத்தைப் பார்ப்போம்.

1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். இன்று அது 3 கோடி வரிகளுக்கும் மேற்பட்ட நிரலாக வளர்ந்துள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அதன்மீதே இயங்குகின்றன. உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் உள்ள அனைத்தும், 2017 நவம்பர் முதல், லினக்ஸில் இயங்குபவையே. இத்தகைய நிரலில் ஒரு பிழை நுழைந்தால், அது எத்தனை பேரைச் சென்றடையும்!

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற குறை வெளிப்பட்டது. இணையத் தொடர்புகளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில், செய்திருக்க வேண்டிய ஒரு சிறு சரிபார்ப்பு விடுபட்டிருந்தது. எழுதியவரும் கவனிக்கவில்லை, பரிசீலித்தவரும் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அது புழக்கத்தில் இருந்தது. கண்ணில் படாத பிழைக்கே இவ்வளவு விளைவு என்றால், கண்ணில் பட்டும் 'மனம் நோகுமே' என்று சொல்லாமல் விடும் பிழையை என்னவென்பது? தாட்சண்யத்திற்காக உண்மையை மறைப்பவர், ஒருவரின் மனத்தைக் காப்பதாக எண்ணிப் பலரின் நலனைப் பலியிடுகிறார்.

டோர்வால்ட்ஸின் மின்னஞ்சல்கள் கடுமைக்குப் பெயர்பெற்றவை. அவற்றைக் கைவிடுமாறு 2013-இல் சக நிரலர் ஒருவர் வெளிப்படையாகக் கேட்டார். அலுவலக நாகரிகம் போலிப் பணிவிலும் முதுகில் குத்துவதிலும்தான் போய் முடியும் என்று அவர் பதிலளித்தார். இதில் உண்மையே இல்லை என்று கூறிவிட முடியாது.

கடுஞ்சொல்லில் கலக்கும் பொய்

ஆனால் சற்று ஆராய்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். 'இந்த நிரல் தவறு' என்பது ஒரு கூற்று. 'இதைச் சேர்த்தால் இன்ன கேடு விளையும்' என்பது மற்றொரு கூற்று. இரண்டையும் எவரும் சோதித்து அறியலாம். 'நீ ஒரு முட்டாள்' என்பது மூன்றாவது. இதைச் சொல்பவர் எதை அறிந்து சொல்கிறார்? அவர் பார்த்தது சில வரி நிரலைத்தான். எழுதியவரின் அறிவு முழுவதையும் அல்ல. தாம் அறியாத ஒன்றை அறிந்ததுபோல் அவர் உரைக்கிறார். அப்படியானால் வசைச்சொல் உண்மையின் மிகுதி அல்ல. உண்மையில் கலந்த கலப்படம்.

'எனக்கு வந்த கோபத்தை மறைக்காமல் காட்டுவதும் நேர்மைதானே?' என்று ஒருவர் கேட்கலாம். கோபம் வந்தது உண்மையே. ஆனால் அது நம்மைப் பற்றிய உண்மை. அவரது நிரலைப் பற்றியது அல்ல. 'இதே பிழையை மூன்றாம் முறை காண்கிறேன், பொறுமை இழக்கிறேன்' என்று எழுதினால் அது நேர்மை. அந்தக் கோபத்தை அவர்மீது தீர்ப்பாகச் சுமத்துவது நேர்மை ஆகாது.

இன்னொன்றும் உண்டு. மேலே இருப்பவர் சொல்லும் சொல்லின் எடை, புதிதாக வந்தவர் சொல்லும் சொல்லுக்கு இல்லை. புதியவரால் திருப்பிச் சொல்ல முடியாது. மௌனமாக விலகிப் போகத்தான் முடியும். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ் இதை ஒப்புக்கொண்டார். தமது நடத்தையால் புண்பட்டவர்களிடமும், அதனால் விலகியே போயிருக்கக் கூடியவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகக் கூறிச் சில வாரங்கள் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். லினக்ஸ் நிரலர்களுக்கான நடத்தை விதிகளும் அப்போதே மாற்றப்பட்டன. அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். அதன் பின்னரும் சில வேளைகளில் அவர் சொல் கடுத்ததுண்டு. நாவின் பழக்கம் ஒரு நாளில் மாறுவதில்லை. ஆயினும், தமது பலம் என்று பலர் புகழ்ந்த ஒன்றைத் தமது குறை என்று உலகறியச் சொன்னாரே, அது அவர் சொன்ன கடினமான உண்மைகளுள் ஒன்று.

இனிமையின் வேடம்

அப்படியானால் இனிய சொல் ஒன்றே போதுமா? போதாது.

எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளை ஒருவர் பல ஆண்டுகளாக ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2022-இல் சிலர் அவரை நெருக்கத் தொடங்கினர். 'வேலை நடக்கவில்லை, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள்' என்று குத்திக்காட்டி எழுதினர். தமது மனநலம் குன்றியிருப்பதை அவர் சொன்ன பிறகும் நெருக்கடி நிற்கவில்லை. அதே காலத்தில் இன்னொருவர் பொறுமையாக, உதவும் மனம் படைத்தவராகத் திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்றார். பொறுப்பிலும் பங்கு பெற்றார். அவர் வெளியிட்ட பதிப்பில் ஒரு கள்ளவழி ஒளிந்திருந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. நெருக்கியவர்களும் இந்தச் சூழ்ச்சியின் பகுதியே என்று ஆராய்ந்தோர் பலர் கருதுகிறார்கள். கடுஞ்சொல்லும் இன்சொல்லும் ஒரே வஞ்சகத்திற்கு இரு கைகளாயின. தொனி எதுவாயினும் அது நேர்மைக்குச் சான்று ஆகாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போனார். தாம் கண்டதை வரிசையாக எழுதினார். நிரலைச் சேர்த்தவருக்கே இதில் நேரடிப் பங்கு இருக்க வேண்டும், அல்லது அவரது கணினி பிறர் வசமாகியிருக்க வேண்டும்; பின்னதற்கு வாய்ப்புக் குறைவு என்றார். இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு உண்டா? ஆயினும் அதில் ஒரு வசைச்சொல் இல்லை, மழுப்பலும் இல்லை. தாம் அறிந்த அளவில் சொல் நின்றது.

திருவள்ளுவர் 'இனியவை கூறல்' என்ற அதிகாரத்தை இல்லறவியலிலும், 'வாய்மை' என்ற அதிகாரத்தைத் துறவறவியலிலும் வைத்தார். இரண்டும் வெவ்வேறு வாழ்க்கைக்கு உரியவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் வாய்மைக்கு அவர் வகுக்கும் இலக்கணமே பிறர்க்குத் தீங்கு இன்மையை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் சந்திக்கும் இடம் அதுவே.

பிறர் பணியைத் திருத்தும் பொறுப்பு நம் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் வாய்க்கிறது. ஆசிரியருக்கு மாணவரின் தாள். மேலாளருக்கு ஊழியரின் அறிக்கை. பெற்றோருக்குப் பிள்ளையின் முயற்சி. சொல்வதற்கு முன் நம்மையே இவ்வாறு கேட்டுக்கொள்வோம்: 'நான் சொல்லப்போவதில் எனக்கு உண்மையில் தெரிந்தது எவ்வளவு? தெரிந்ததில் எதையாவது பயத்தால் விட்டுவிட்டேனா? தெரியாததில் எதையாவது கோபத்தால் சேர்த்துவிட்டேனா?' விட்டதைச் சேர்ப்போம், சேர்த்ததை நீக்குவோம். மீதி நிற்பதைத் தயங்காமல் சொல்வோம்.