இரவல் பாத்திரமும் அமானிதமே

 

தர்மபுரி மாவட்டம் பொம்மிடிக்கு ஒரு நிக்காஹ்வுக்காக நாம் சென்றிருந்தோம். மணவீட்டார் அண்டை வீட்டுப் பித்தளை தேக்சாவை இரவல் வாங்கிப் பிரியாணி சமைத்திருந்தனர். விருந்து குறைவின்றி நடந்தது. ஆனால் தேக்சா திரும்பிப் போனது நான்கு நாள் கழித்துத்தான். அடியில் பருக்கை காய்ந்திருந்தது. இரும்புக் கரண்டியால் சுரண்டியதில் உள்ளே பூசிய ஈயமும் பெயர்ந்திருந்தது. உடையவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் ஓர் ஏழைத் தாய் தம் மகளின் நிக்காஹ்வுக்கு அதே தேக்சாவைக் கேட்டு வந்தார். “இனி யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை அம்மா” என்ற பதில்தான் கிடைத்தது. இதைக் கேள்வியுற்றபோது நம் நெஞ்சம் துணுக்குற்றது. அந்தத் தாய் வெறுங்கையோடு திரும்பியதற்கு யார் பொறுப்பு?

திருமறையின் 107ஆம் அத்தியாயம் ‘அல்மாஊன்’. தொழுதும் அதில் கவனமற்றிருப்போரையும், பிறர் காணச் செய்வோரையும், அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரையும் அல்லாஹ் அதில் கடிந்துரைக்கிறான். வாளியையும் சமையல் பானையையும் இரவல் கொடுப்பதையே நபிகளார் காலத்தில் ‘மாஊன்’ எனக் கருதி வந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். கொடுக்க மறுப்பவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், கொடுத்து வந்த கையை மூட வைத்தவரின் நிலை என்ன? சிந்திக்க வேண்டாமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்ததைப் பாருங்கள். மனைவியரில் ஒருவர் கிண்ணத்தில் உணவு அனுப்பினார்கள். அண்ணலார் அப்போது தங்கியிருந்த வீட்டின் மனைவியார் தட்டிவிட, கிண்ணம் உடைந்தது. அண்ணலார் உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தெடுத்தார்கள். பணியாளை நிறுத்திவைத்து, அந்த வீட்டிலிருந்த நல்ல கிண்ணத்தைக் கொடுத்தனுப்பி, உடைந்ததை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. ஒரு கிண்ணத்துக்கே இத்தனை நேர்மை!

ஆகவே, இரவல் பாத்திரத்தில் மரக் கரண்டியைப் பயன்படுத்துங்கள். அடிப்பிடித்தால் சுரண்டாமல், நீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். உப்புநீர் உள்ள ஊர்களில் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். புளிக்கரைசல் அதை இளக்கும். கழுவியபின் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஈயம் போன பித்தளையில் புளியும் தயிரும் பட்டால் களிம்பு ஏறும்; அது உடலுக்கு நஞ்சு. ஈயம் பெயர்ந்திருந்தால் நம் செலவிலேயே பூசிக் கொடுப்பதுதான் முறை. பூசுவது வெள்ளீயமாக இருக்கட்டும், காரீயம் ஆகாது.

இதெல்லாம் பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். அண்ணலார் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் துணை நின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியிருக்கிறார்கள்.

இன்றே நம் வீட்டுப் பரணைப் பார்ப்போம். பிறர் பெயர் பொறித்த பாத்திரம் ஏதும் அங்கே கிடக்கிறதா? இருந்தால் துலக்கி எடுத்துச் சென்று, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒப்படைப்போம். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறு கட்டளையிட்ட வல்ல ரஹ்மான், அதற்கான தௌபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.